எல்லாம் ஒன்றுதானே அத்தை? ஆன்மிகத்தையும் கிறிஸ்தவ விசுவாசத்தையும் பிரித்தறிய ஒரு வழி

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, எங்கள் லுத்தரன் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கப் போவேன். குழந்தையில் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடப் படிக்கிற வகுப்பு அது. பதினேழு வருடமாக எடுக்கிறேன். இந்தப் பதினேழு வருடத்தில் யாரும் கேட்காத மாதிரி ஒரு கேள்வியைப் போன பொங்கல் லீவில் என் அண்ணன் மகன் கேட்டான்.

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. காலையில் செல்போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் தியானம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். மாதத்தில் ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்காவில் மெழுகுவத்தி. மனசு சரியில்லை என்றால் ஆரோவில் போய் மாத்ரிமந்திர் என்கிற தியான மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு வருவான். குழந்தையில் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை. நல்ல பிள்ளை.

“எல்லாத்துலயும் மனசுக்கு நிம்மதி கெடைக்குது அத்தை. எல்லாம் ஒன்னுதானே? நீங்க மட்டும் ஏன் விசுவாசம்னு தனியா ஒன்ன சொல்றீங்க?”

அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம், வார இறுதியில் வரும்போதெல்லாம் உட்கார்ந்து பேசினோம். அதில் பயன்பட்டதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இந்தக் கேள்வி வருகிறவர்களுக்கும், தன்னிடம் இருப்பது இரண்டில் எது என்றே தெரியாதவர்களுக்கும் உதவும். யாரையும் வாதத்தில் மடக்க இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்கு இது ஆகாது.

முதல் வேலை: எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நான் பொது ஆன்மிகம் என்று சொல்வது இந்து மதத்தை அல்ல. இதில் நம் சபை ஆட்கள் பலர் தவறுகிறார்கள். எங்கள் ஊரிலேயே திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. அப்பரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் சிவனைக் கூப்பிட்டுப் பாடிக்கொண்டே அந்தக் கரையில் வந்து ஏறினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் பாடியது ‘ஏதோ ஒரு சக்தி’யை அல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்தி என்பது அது. அதற்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் உள்ள வேறுபாடு வேறு பேச்சு. அது கொஞ்சம் பிறகு வரும்.

அரவிந்தரின் யோகத்தையும் இதில் சேர்க்காதீர்கள். 1910இல் புதுச்சேரிக்கு வந்து 1950இல் மறையும் வரைக்கும் அவர் எழுதிவைத்ததற்குத் தெளிவான போதனை உண்டு, அதைக் கற்க ஆயுள் வேண்டும். 1968இல் தொடங்கிய ஆரோவிலும் தன்னை எந்த மதத்தையும் சாராதது என்றுதான் சொல்கிறது. மாத்ரிமந்திரின் உள்ளே சிலை இல்லை, பூ இல்லை, ஊதுவத்தி இல்லை. நடுவில் ஒரு கண்ணாடிக் கோளம், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்துவிட்டு வந்து “சர்ச்சுக்குப் போன மாதிரி இருந்துச்சு” என்று சொல்வது அவர்களுக்கும் நியாயமில்லை, சர்ச்சுக்கும் நியாயமில்லை.

நான் சொல்கிற பொது ஆன்மிகம் இவற்றில் எதையும் முழுதாக ஏற்காமல், எல்லாவற்றிலிருந்தும் நிம்மதியை மட்டும் எடுத்துக்கொள்வது. மேலே ஏதோ ஒன்று இருக்கிறது, பேர் முக்கியமில்லை. மனசு சுத்தமாக இருந்தால் போதும். நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும். இன்றைக்கு நம் ஆட்களில் பாதிப் பேர் நிற்கிற இடம் இதுதான். சர்ச் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏழு நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினம் ராத்திரி படுக்கும் முன் தியானமோ ஜெபமோ, நீங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்யுங்கள். முடிந்ததும் மனசுக்குள் என்ன சொன்னீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம். ஏழாம் நாள் சிவப்பு மையில் இரண்டு வகைச் சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள்: நான், என் மனசு, என் வாழ்க்கை என்று வருவது ஒரு வகை. நீ, நீங்க, நீர், உம்மை என்று வருவது இன்னொரு வகை.

அண்ணன் மகன் கொண்டுவந்த நோட்டில் ‘நான்’ பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ‘நான் அமைதியா இருக்கேன்.’ ‘என் மனசுல பயம் இல்ல.’ ‘எனக்கு நல்லதே நடக்கும்.’ ஏழு நாளில் ஒரு ‘நீங்க’ கூட இல்லை. அவனே திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நான் யார்கிட்டயும் பேசவே இல்லையா அத்தை?” என்றான். குறை சொல்ல நான் அதைச் செய்யச் சொல்லவில்லை. மனசைப் பழக்குவதும் ஒரு நல்ல வேலைதான். ஆனால் அது ஒருவர் மட்டும் இருக்கிற அறையில் நடக்கிற வேலை.

இப்போது இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை எடுங்கள். ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்குகிறது. ஏன் ‘நம் பிதாவே’ என்று இல்லை? வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். தமிழில் ‘நம் வீடு’ என்று சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கும் அதில் பங்கு. ‘எங்கள் வீடு’ என்றால் கேட்கிறவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கடவுளைப் பற்றி நமக்குள் பேசும்போது ‘நம் பிதா’ என்று சொல்லலாம். அவரிடமே பேசும்போது ‘எங்கள்’ என்றுதான் வரும். எதிரே ஒருவர் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி. அது ‘என்’ என்றும் இல்லை பாருங்கள். தனி அறையில் ஒருவனாக ஜெபித்தாலும் ‘எங்கள்’தான். பக்கத்தில் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நீர் என்று சொல்ல வரவில்லை என்றால் நீங்க என்று சொல்லுங்கள், நீ என்றே சொல்லுங்கள். மொழி ஒரு தடையில்லை. ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

தேதி இருக்கிறதா என்று பாருங்கள்

பேர் சொல்லிக் கூப்பிடுவது பக்தியிலும் உண்டு என்றேனே, அப்படியானால் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு என்ன தனி அடையாளம்? தேதி.

ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் சபையில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். நாங்கள் எதை நம்புகிறோம் என்பதன் சுருக்கம் அது. வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, அவருடைய குமாரன், கன்னி மரியாள் என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு அரசாங்க அதிகாரியின் பேர் வருகிறது: ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு’. அந்த ஆள் விசுவாசியும் இல்லை, புனிதரும் இல்லை. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ரோம ஆட்சிக்கு ஆளுநராக இருந்தவன். 1961இல் செசரியா என்ற கடலோர ஊரில் தோண்டியபோது அவன் பேர் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. அவன் பேரை ஏன் வாரா வாரம் சொல்கிறோம்? நம் ஊர்க் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டு பார்த்திருப்பீர்கள். இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனையாவது என்று சொல்லிவிட்டுத்தான் நிலத்தைப் பற்றியே பேசும். இது கதையில்லை, இன்ன காலத்தில் நடந்தது, வேண்டுமானால் விசாரித்துக்கொள் என்று அர்த்தம். இயேசுவின் வரலாற்றை எழுதிய லூக்காவும் தம் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தை அப்படித்தான் தொடங்குகிறார்: ரோமப் பேரரசன் திபேரியுராயன் ஆட்சியின் பதினைந்தாம் வருடம் என்று.

இங்கே நீங்கள் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் எடுத்து, நேர்மையாக. ‘இயேசு என்கிறவர் சிலுவையில் செத்ததோடு சரி, எழுந்திருக்கவே இல்லை என்று நாளைக்கு உறுதியாகத் தெரிந்தால், நான் நம்புவதில் என்ன மாறும்?’

ஒன்றும் மாறாது, அவருடைய அன்பும் போதனையும் போதும் என்று பதில் வந்தால், உங்களிடம் இருப்பது நல்ல ஆன்மிகம். அது விசுவாசம் இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை. ‘கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா’ என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். விருதா என்றால் வீண். சம்பவம் நடந்து 20, 25 வருடத்துக்குள் எழுதிய கடிதம் அது. உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள், அதில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தொனி. பொய்யானால் மொத்தமும் விழுந்துவிடும் என்று தானே சொல்கிற நம்பிக்கை இது. தியானத்துக்கு அந்த ஆபத்து இல்லை. அது யாருடைய கல்லறையையும் நம்பி இல்லை.

அண்ணன் மகன் இந்தக் கேள்விக்கு இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. அதுவே நல்ல அறிகுறி என்று விட்டுவிட்டேன். அவசரப்படுத்தாதீர்கள்.

எடைக்கல்

இதை எழுத எனக்கு மனசு கனக்கிறது, ஆனால் இதில்லாமல் மற்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

2001இல் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். கடையும் கடனும் என் தலையில். அப்போதெல்லாம் தட்டுத் தராசுதான். இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி இருக்கும், அந்த ஈயத்தின் மேல்தான் அரசாங்க முத்திரை குத்துவார்கள். என் கடையில் ஒரு அரைக் கிலோ கல்லின் ஈயத்தை ஓரமாகச் சுரண்டி எடுத்தேன். முத்திரை அழியாமல். பதினைந்து கிராம் குறைந்தது. துவரம்பருப்புக்கும் புளிக்கும் அந்தக் கல். நாலு வருடம்.

அந்த நாட்களில்தான் நான் சனிக்கிழமை தோறும் புதுச்சேரிக்குப் போக ஆரம்பித்தேன். ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் பஸ். அரவிந்தர் ஆசிரமத்தில் அந்த மரத்தடிச் சமாதிக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். பூ அடுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாரும் பேச மாட்டார்கள். அங்கே எனக்குக் கிடைத்த அமைதி உண்மை. புருஷன் போன பிறகு நான் மூச்சு விட்ட இடம் அது. அந்த நன்றியை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கல் வரும். தியானம் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மா, “எண்ணம் வந்தா வரட்டும், மேகம் மாதிரி பாருங்க, தானா போயிடும்” என்றார்கள். அப்படியே செய்தேன். போகும். பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலூருக்குள் நுழைந்ததும் திரும்ப வந்துவிடும். ஏனென்றால் அது மேகம் இல்லை. கல். சோனாங்குப்பத்திலிருந்து வருகிற ஒரு ஆயாவுக்கு நான் கொடுக்காத பருப்பு. என் மனசு அமைதியானால் அந்த ஆயாவுக்கு என்ன? யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? பிரபஞ்சத்திடமா?

2005இல், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில், பல வருடம் கழித்து ஒரு மாலை ஆராதனைக்குப் போனேன். நீதிமொழிகள் பதினோராம் அதிகாரம் வாசித்தார்கள். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.’ சுமுத்திரை. ஒழுங்கான முத்திரை. யாரோ என் கடைக்குள் வந்து கல்லைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருந்தது. அன்று ராத்திரி எனக்கு நிம்மதி இல்லை, பயம்தான். ஆனால் நாலு வருடத்தில் முதல் தடவையாக யாரோ ஒருவருக்கு இது தெரியும் என்று இருந்தது.

மறுநாள் ஐயரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கல்லை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முதலில் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்பார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. என்னை முழங்கால்படியிடச் சொல்லி, தலையில் கை வைத்து, இயேசு கிறிஸ்துவின் நிமித்தம் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்றார். பிறகு எழுந்திருக்கச் சொல்லி, “இப்ப போய்க் கடன் நோட்டத் திறம்மா” என்றார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். இதைத்தான் வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. வினை செய்தால் அனுபவித்தே தீர வேண்டும் என்கிற கணக்கில் முதலில் அடைக்க வேண்டும். நல்லது செய்து, தியானம் செய்து, தன்னை உயர்த்திக்கொண்டு அப்புறம் மேலே போக வேண்டும். கிறிஸ்தவ விசுவாசத்தில் மன்னிப்பு முன்னால் வருகிறது, அடைப்பது அதன் பின்னால் ஓடி வருகிறது. சகேயு என்ற வரி வசூல்காரன் ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’, அதாவது நாலு மடங்காக, என்று எப்போது சொன்னான்? இயேசு அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, அவன் வீட்டில் தங்குவேன் என்று சொன்ன பிறகு. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்று வேதத்தில் இருக்கிறது.

அப்படியானால் மன்னிப்பு சும்மா கிடைக்கிறதா, இது சுலபமான வழியா என்று கேட்பார்கள். அண்ணன் மகனும் கேட்டான். கடை வைத்திருக்கிறவளுக்குத்தான் இதற்குப் பதில் தெரியும். ஒரு வீட்டுக்காரருடைய எண்ணூறு ரூபாய் கடனை நான் நோட்டில் அடித்துவிட்டால் அந்த எண்ணூறு காற்றில் கரைந்துபோவதில்லை. மொத்தக் கடைக்காரருக்கு நான் என் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். தள்ளுபடி என்றால் கடன் ஆள் மாறுகிறது. வாங்கினவரிடமிருந்து கொடுத்தவருக்கு. சிலுவை அதுதான். ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று ஜெபிக்கும்போது, அதை யார் கட்டினார் என்று எனக்குத் தெரியும்.

கடன் நோட்டைப் பார்த்து முப்பத்தொரு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பருப்பும் புளியும் எடுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். அந்த ஆயா பருப்பை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, “எனக்கு அப்பவே தெரியும்மா. புருஷன் இல்லாதவ, பொழச்சிப் போவட்டும்னு வுட்டுட்டேன்” என்றாள். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நோட்டில் பேர் இல்லாத ரொக்க வாடிக்கைகளுக்கு இன்னும் என்னால் திருப்ப முடியவில்லை. அந்தக் கல் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது எடுத்துப் போய்ப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன்.

உங்களுக்கு நான் சொல்வது: உங்கள் எடைக்கல் எது என்று கண்டுபிடியுங்கள். அமைதி வந்தும் போகாத ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதை எண்ணமாகப் பார்த்து விலக்கப் போகிறீர்களா, ஒருவர் முன்னால் கொண்டுபோய் வைக்கப் போகிறீர்களா? இந்த இடத்தில்தான் இரண்டு பாதையும் உண்மையிலேயே பிரிகிறது.

உணர்வு வராத நாளில்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆராதனை நேரத்தில் தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கடல் ஏறியது. அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் ஊரில் யாருக்கும் எந்தத் தியானமும் கைகூடவில்லை. நிம்மதிதான் அளவு என்றால் அன்றைக்கு எல்லோரும் தோற்றவர்கள்.

விசுவாசத்துக்கு வேறு அளவு இருக்கிறது. 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். ஆறுதலே இல்லாமல், இருட்டிலேயே முடிகிற ஜெபம். ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை அவரிடம்தான் முறையிடுகிறது. மகனுக்காக வந்த ஒரு தகப்பன் இயேசுவிடம், ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று அழுதான். அரைகுறை விசுவாசம்தான். மகன் குணமானான். பிடித்திருக்கிற கையின் பலத்தைவிட, பிடிக்கப்பட்டவர் யார் என்பதுதான் இங்கே கணக்கு. அதனால் ஜெபத்தில் ஒன்றும் தோன்றவில்லையே என்று யாராவது வந்தால், எப்படிப்பட்ட உணர்வு வரவழைப்பது என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். அதையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி

‘விசுவாசம் கேள்வியினாலே வரும்’ என்று பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தில், அதாவது கடிதத்தில், இருக்கிறது. வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று படிக்கிறார்கள். கேள்வி கேட்பது நல்லதுதான், ஆனால் அங்கே அர்த்தம் அதுவல்ல. திருக்குறளில் கேள்வி என்று ஒரு அதிகாரம் இருக்கிறதே, அந்தக் கேள்வி. காதால் கேட்பது. ஆன்மிகம் உள்ளே போகச் சொல்கிறது. உள்ளே இருப்பதைக் கண்டுகொள் என்கிறது. விசுவாசம் வெளியிலிருந்து வருகிறது, இன்னொருவர் வாயால் வருகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொன்னதைக் கேட்ட யாரோ, இன்னொருவருக்குச் சொல்லி, அவர் என் பாட்டிக்குச் சொல்லி, என் வரைக்கும் வந்தது.

அதனால்தான் இதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. தியானத்துக்கு ஒரு பாய் போதும். இதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், ஒத்துப்போகாத ஆளாகவும் இருக்கும். சபையில் நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் வாங்க வரிசையில் நிற்கும்போது, எனக்குக் கதவைச் சாத்திய அந்த இருவரில் ஒருவர் இன்றும் எனக்கு முன்னால் நிற்கிறார்.

செய்யக் கூடாதவை சில

பிள்ளைகளுடைய தியானத்தைக் கேலி செய்யாதீர்கள். பிசாசு வேலை என்று பயமுறுத்தினால் அவன் தியானத்தை விடமாட்டான், உங்களிடம் பேசுவதை விட்டுவிடுவான். மூச்சைக் கவனித்து உட்காருவதால் ஒருவருடைய விசுவாசம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. உட்கார்ந்து என்ன செய்கிறார், யாரிடம் பேசுகிறார் என்றுதான் கேட்பேன்.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு நம் சபைக்குள் இருக்கிறது. புது வருட ஆராதனை ராத்திரியில், இந்த வருடத்துக்குக் கடவுள் தருகிற வாக்கு என்று ஒரு வாக்குத்தத்த வசனம் எடுத்து, நல்ல வசனம் வந்ததா என்று பார்த்துவிட்டு அதோடு வேதத்தை மூடிவைப்பது. காணிக்கை போட்டால் வீடு கட்டலாம் என்று கணக்குப் போடுவது. வார்த்தை எல்லாம் வேத வார்த்தை, ஆனால் உள்ளே இருப்பது ‘நல்லதை நினை, நல்லது நடக்கும்’ தான். ஏழு நாள் நோட்டை முதலில் நீங்கள் எழுதுங்கள். பிறகு பிள்ளையிடம் கொடுங்கள்.

தொடங்குவதற்கு மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். பதினாறே அதிகாரம்; ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் போதும். விளக்கவுரை வேண்டாம். படிக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள்: இந்த ஆள் யார்?

போன வாரம் புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்குமேல் அண்ணன் மகன் போன் செய்தான். கடைக் கணக்கு முடித்துப் படுக்கப் போயிருந்தேன். நாலாம் அதிகாரத்தில் இருக்கிறானாம்.

“அத்தை, புயல் அடிக்குது, படகுக்குள்ள தண்ணி வருது. இவர் பின்னாடி தலகாணி வச்சித் தூங்குறாருன்னு போட்டிருக்கே. தலகாணிய எல்லாம் யாரு எழுதி வச்சாங்க?”

“கூட படகுல இருந்தவங்க பார்த்ததுடா” என்றேன். “அதுக்கப்புறம் அவங்க இன்னா கேட்டாங்கன்னு படி.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கம் திருப்பினது காதில் விழுந்தது.